சமையலம்மா மனந்திரும்பிய ஞாயிறு

விடுதியில் ஒன்றாகப் படித்தவர்கள் எல்லாரும் கூடுகிறோம், மலரில் போட நீயும் இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்றீர்கள். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். கோதுமைச் சோறு, கிழிந்த பாய், வார்டனம்மாவின் செருப்புச் சத்தம் எல்லாம் சொல்லி, அந்த நாள் இனி வருமா என்று முடிக்க வேண்டும். அதை எழுத வேறு ஆள் இருப்பார்கள். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, மூட்டுவலி என்று பேசுகிற நேரத்தில் ஒரு உண்மையையும் பேசிவிடலாம் என்று பார்க்கிறேன். அச்சில் போட மனசு வராவிட்டால் கிழித்துப் போடுங்கள்.

சமையலம்மாவை ஞாபகம் இருக்கிறதா? ஒல்லியாக, உயரமாக, இடது முழங்கையில் கஞ்சி கொட்டிய தழும்போடு இருப்பார். பாதிப் பேருக்கு அவர் முகம் மறந்திருக்கும். ஆனால் தீபம் ஏற்றி மாட்டிக்கொண்டவர் என்றால் உடனே தெரியும். அந்தத் தீபத்தை ஏற்றியவள் நான்.

நாம் ஒன்பதாம் வகுப்பு. எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை. தீபத்தன்று மலைப்பக்கத்து ஜன்னல்களை மூன்று மணிக்கே சாத்திவிடுவார்கள். தீபத்தைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சட்டம் எழுதி ஒட்டவில்லை. ஜெபக்கூடத்தில் உட்கார வைத்துப் பாடச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆறு மணிக்கு மலை உச்சியில் கொப்பரை பற்றியதும் ஊர் முழுக்க ஒரு சத்தம் எழும்பும். வெடி போடுவார்கள். நம் பாட்டு அதில் அமுங்கிப்போகும். வார்டனம்மா இன்னும் சத்தமாக என்று கையை உயர்த்துவார். நாம் தொண்டை வலிக்கக் கத்துவோம்.

எனக்குப் பக்தி எல்லாம் ஒரு மண்ணும் இல்லை. ஊரில் அத்தனை வீட்டு வாசலிலும் விளக்கு எரிய, நம் கட்டடம் மட்டும் எழவு வீடாக இருந்தது பிடிக்கவில்லை. வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்காரும் நயினார் வீட்டுப் பெண், சமணக் குடும்பம், ஒரு அகலைக் கொடுத்தாள். திரிக்கு என் உள்பாவாடையின் ஓரத்தைக் கிழித்தேன். எண்ணெய் என் அம்மா காய்ச்சிக் கொடுத்தனுப்புகிற தலை எண்ணெய். தேங்காய் எண்ணெயில் மரிக்கொழுந்து போட்டுக் காய்ச்சியது. வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு ஜெபக்கூடத்திலிருந்து வெளியே வந்தேன். மாடிக்குப் போகிற படி சமையல்கட்டுக்குள்தான் இருந்தது. சமையலம்மா தண்ணீர் சேந்தக் கிணற்றடிக்குப் போயிருந்தார். கைப்பிடிச் சுவர்மேல் அகலை வைத்து ஏற்றினேன். மலைமேல் அது, இங்கே இது. ஐந்து நிமிடம் நின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு எத்தனை முறை வந்தது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எடுத்து எறிந்துவிட்டு வந்திருக்கலாம். அணைக்க மனசு வரவில்லை.

மறுநாள் காலை வார்டனம்மா மாடிக்குப் போனபோது அகல் அப்படியே இருந்தது. சுவரில் கரி பிடித்திருந்தது. அவர் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து சமையல்கட்டு வாசலில் நின்றார். நாம் தட்டோடு கஞ்சிக்கு வரிசையில் நின்றிருந்தோம். சமையலம்மா அகலை வாங்கி மூக்கருகே வைத்து மோந்தார்.

"இது தலைக்குத் தேய்க்கிற எண்ணங்கம்மா. சமையக்கட்டுல மல்லாட்ட எண்ணதான இருக்குது. வேணும்னா நீங்களே மோந்து பாருங்க."

மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. வார்டனம்மா மோந்து பார்க்கவில்லை.

"அடி அண்ணாமலையில பொறந்து வளந்தவதானே நீ. பழசு அவ்ளோ சீக்கிரம் போயிடுமா?" என்றார்.

வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். என் தலை அன்று காலைதான் எண்ணெய் வைத்துப் பின்னியது. யாராவது திரும்பி மோந்து பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

சமையலம்மாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, நாம் கேட்டதில்லை. மலை சுற்றுகிற வழியில் இருக்கும் அடி அண்ணாமலையில் பயிர் வைக்கிற குடும்பம். புருஷன் செத்த பிறகு மகளோடு வந்து ஞானஸ்நானம் வாங்கினார். கூடப் பிறந்தவர்கள் அன்றைக்கே தலைமுழுகிவிட்டார்கள். ஏழு வருடமாக அவருக்குச் சபைதான் ஊர், சபைதான் உறவு. மகளுக்குப் பத்தொன்பது வயது. வேட்டவலம் பக்கத்தில் ஒரு கம்பவுண்டருக்குப் பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு சபையில் அறிவித்தால்தான் நம்மில் தாலி கட்ட முடியும்.

அந்த வாரமே விசாரணை. சர்ச் தாழ்வாரம் கூட்டுகிற முறை எனக்கு இல்லை. வேறொருத்தியின் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, துடைப்பத்தோடு ஜன்னலுக்குக் கீழே குனிந்திருந்தேன். உள்ளே போதகர், இரண்டு மூப்பர்கள், வார்டனம்மா. சமையலம்மா நின்றுகொண்டிருந்தார்.

"மனந்திரும்பினா மன்னிப்பு உண்டும்மா. ஒரு வார்த்தை சொல்லு, முடிஞ்சிடும்" என்றார் போதகர்.

"செய்யாததுக்கு எப்படிங்கய்யா மனந்திரும்புறது?"

போதகர் தணிவாகவே சொன்னார்.

"நாம எல்லாருமே பாவிங்கதான். இது இல்லன்னா இன்னொண்ணு. அதுக்காகவாவது சொல்லலாம் இல்ல?"

"அதுக்கெல்லாம் தெனம் சொல்றேங்க, அடுப்பாண்ட ஒக்காந்து. இது நான் பண்ணலைங்க."

மனக்கடினம் என்று மூப்பர் ஒருவர் சொன்னார். மனந்திரும்புகிற வரைக்கும் திருவிருந்தில் அப்பமும் ரசமும் நிறுத்தம், கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வேண்டும், மகளுக்கு ஓலை வாசிக்கப்படாது. போதகர் கெட்ட மனுஷர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. நடுங்கிய குரலில் சொன்னதால் தண்டனை குறையவில்லை.

வெளியே வந்ததும் மகள் தாயைப் பிடித்துக்கொண்டாள். "ஏத்துனதான ஏத்துன, ஒத்துக்க வேண்டியதுதானம்மா. எங்கல்யாணத்தக் கெடுத்துட்டுப் போவப்போறியா?" என்றாள். சமையலம்மா மகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தை அப்போது நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன், கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

அதன் பிறகு நாம் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். தினமும் சாயங்காலம் அவர் பெயரைச் சொல்லி, அவர் மனம் உடையும்படி ஜெபித்தோம். அவர் காதில் விழும்படி சமையல்கட்டுக் கதவுக்கு வெளியே நின்று பாடினோம். குழம்பில் உப்பு கூடிய நாளில் இன்னும் ஊக்கமாகவே ஜெபித்தோம். ஒருத்தி அவர் கையால் சோறு வாங்க மாட்டேன் என்று உபவாசம் இருந்தாள். நீதான் அது, இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள். உன்மேல் எனக்குக் கோபமில்லை. எனக்குக் கோபப்பட என்ன இருக்கிறது?

அந்த மாதம்தான் நமக்குத் திடப்படுத்தல் வகுப்பும் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு நாம் முதன்முதலாகத் திருவிருந்து வாங்க வேண்டும். மனந்திரும்புதலைப் பற்றி வந்த பாடம் எனக்கு இன்றும் தலைகீழாகத் தெரியும். போதகர் அதை நன்றாகவே நடத்தினார், அதுதான் கொடுமை.

"வேலூருக்குப் போவணும். தெரியாம செங்கம் பஸ்ஸுல ஏறிட்டீங்க. என்ன பண்ணுவீங்க? உள்ள ஒக்காந்து அழுதா வேலூர் வந்துடுமா? எறங்கணும். எறங்கி, திரும்புற பஸ்ஸுல ஏறணும். அழுவறது உங்க இஷ்டம்."

பயத்தில் வருகிற அழுகை மனந்திரும்புதல் இல்லை என்றார். தண்டனைக்கு அழுவது வேறு, செய்ததற்கு அழுவது வேறு. மனந்திரும்புவது இரட்சிப்புக்குக் கொடுக்கிற கூலியும் இல்லை, அது இனாமாக வருவது, நாம் செய்வதெல்லாம் மூடி வைத்த கையைத் திறப்பதுதான் என்றார். இதைப் பிசகாமல் திருப்பிச் சொல்கிறவர் யார் என்று கேட்டார். நான் எழுந்தேன். ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டு இதைச் சொல்கிறேன், உண்மையாகவே பெருமையாக இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் சமையலம்மா இறங்கி வந்தார். கம்பவுண்டர் வீட்டிலிருந்து ஆள் வந்து, ஓலை உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சொல்லிவிடுகிறேன் என்று போதகரிடம் போய்ச் சொன்னார். நாம் திருவிருந்து வாங்குகிற அதே ஞாயிறு சபை முன்னால் நின்று சொல்ல வேண்டிய வாசகத்தைப் போதகர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சமையலம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நன்றாக ஒப்பிக்கிற பிள்ளை யாராவது சொல்லிக் கொடுக்கட்டும் என்றார்கள். யாரை அனுப்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் சமையல்கட்டில் முக்காலி போட்டு உட்காருவேன். அவர் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

"நான் அந்நிய தெய்வத்துக்கு விளக்கேற்றி, தேவனுக்கும் சபைக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன். அதற்காக மனஸ்தாபப்படுகிறேன். என்னை மறுபடியும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்."

இதுதான் வாசகம். முதல் வார்த்தையிலேயே அவருக்கு நாக்கு நின்றுவிடும். "நீ சொல்லு பாப்பா, நான் கேட்டுக்கிறேன்" என்பார். நான் சொல்வேன். "இன்னொரு வாட்டி." மறுபடி சொல்வேன். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்பேன். அவர் தலை நிமிராமல் கல் பொறுக்குவார். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். என் சடையை எடுத்து மோந்தார்.

"நல்ல எண்ண. வீட்டுல காச்சினதா?"

தலையை ஆட்டினேன்.

"மரிக்கொழுந்து போட்டிருக்கு."

"சொல்லிடாதீங்க" என்றேன்.

"நான் சொல்லி எவ நம்பப்போறா? நீதான் சொல்லணும். ஐயாகிட்ட மட்டும் சொன்னாப் போதும், ஊருக்கு வேணாம். உன்ன அடிக்க மாட்டாங்க, வீட்டுக்கும் அனுப்ப மாட்டாங்க. சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்டன்னு விட்டுடுவாங்க. எனக்கு அப்பிடி இல்ல பாப்பா. சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கெஞ்சினார். நாற்பது வயசுப் பெண் பதிமூன்று வயசுப் பெண்ணிடம் கெஞ்சினார். நான் சரி என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் திருவிருந்து வாங்குகிறவர்கள் போதகரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவராக உள்ளே போனோம். என் முறை வந்தது. மேஜைமேல் பெரிய நோட்டு, மைக்கூடு. பெயரை எழுதிக்கொண்டார்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

சொல்வதற்கு இதைவிட நல்ல இடமும் கிடையாது, நல்ல மனுஷரும் கிடையாது. வெளியே நீங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். நாளைக்குப் போட என் அம்மா வெள்ளைத் தாவணி அனுப்பியிருந்தார்.

"ஒண்ணும் இல்லைங்கய்யா" என்றேன்.

கதவுக்கு வெளியே சமையலம்மா தூணருகே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாம் வெள்ளை உடுத்தி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பிரசங்கத்துக்குப் பிறகு அவரை அழைத்தார்கள். பீடத்துக்கு முன்னால் வந்து சபையைப் பார்த்துத் திரும்பி நின்றார். என்னிடம் ஒரு நாளும் முழுதாகச் சொல்லாத வாசகத்தை ஒரு எழுத்துத் தப்பாமல், நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, என் ராகத்திலேயே சொன்னார். சொல்லும்போது வேறு எங்கும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

சபை அழுதது. பாடினார்கள். மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். வார்டனம்மா என் தோளில் கை வைத்து, "பாத்தியா, உன்னால ஒரு ஆத்துமா திரும்பிச்சு" என்றார். திருவிருந்துக்கு நான் முழங்கால் போட்டேன். பக்கத்தில் அவர் முழங்கால் போட்டிருந்தார். அப்பம் என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. விழுங்கிவிட்டேன்.

கதை இங்கே முடிந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் வார்டனம்மா அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். அதுவரைக்கும் சந்தேகம்தானாம், இப்போது அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாளாம், விளக்கேற்றிய கையால் பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவது என்றாராம். மன்னிப்பு வேறு, சமையல்கட்டு வேறு என்று மூப்பர்களும் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு ஓலை வாசித்தார்கள், தையில் கல்யாணம் நடந்தது. நாம் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்தபோது சமையல்கட்டில் வேறு அம்மா இருந்தார். அவர் குழம்பு நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

பத்து வருடம் கழித்து நான் அதே பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தேன். சமையலம்மா அடி அண்ணாமலையில் பாதையோரம் ஒரு கீற்றுக் கொட்டகையில் இட்லிக் கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் வேதக்காரி, மதம் மாறியவள். சபைக்காரர்களுக்குத் தீபக்காரி. ஒரு சாயங்காலம் கேட்டுக்கொண்டு போனேன். அடையாளம் தெரிந்துகொண்டார். பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். என்னை மன்னிச்சிடுங்க என்று சொல்லிவிட்டு அழுதேன். நான் நன்றாக அழக்கூடியவள். அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"மன்னிக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லீங்க டீச்சரம்மா. மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியா எழுந்து போயிடுவீங்க. எம்பொண்ணு இன்னிக்கும் மாமியாகாரிகிட்ட பேச்சு வாங்குது, தீபம் ஏத்துனவ பொண்ணுன்னு. அதுவே நான்தான் ஏத்துனேன்னு நம்புது. பெத்தவ பொய்க்காரின்னு நெனச்சிக்கினு இருக்குது. எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. நான் நின்னேனே, அந்த எடத்துல வந்து நின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எம்பொண்ணு கேக்கணும்."

"சொல்றேன்."

"இந்த ஞாயித்துக்கெழமையா?"

"இந்த ஞாயித்துக்கிழமை."

அந்த ஞாயிறு அவர் வந்தார். மகளை வேட்டவலத்திலிருந்து வரவழைத்திருந்தார். இருவரும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். போதகர் புதியவர், ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று நான் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். பிரசங்கம் முடிந்ததும் டீச்சர் ஏதோ சொல்ல விரும்புகிறார் என்று அழைத்தார். போய் நின்றேன். என் வகுப்புப் பிள்ளைகள் இடது பக்கம். தலைமையாசிரியர் வலது பக்கம். சமையலம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது. யாரும் என்னைக் கல்லால் அடித்திருக்க மாட்டார்கள். கொஞ்ச நாள் ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

"பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. எல்லாரும் ஜெபத்துல நெனச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. மகள் மட்டும் என்னிடம் வந்தாள்.

"எங்கம்மாவ எதுக்கு டீச்சர் வரச் சொன்னீங்க? என்னாமோ வந்து காதால கேளுன்னுச்சு. கேட்டா சொல்ல மாட்டேங்குது."

அவர் இரண்டு பெஞ்சு தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார், கேட்டுக்கொண்டிருந்தார்.

"சும்மாதான். பாத்து நாளாச்சேன்னு" என்றேன்.

சமையலம்மா எழுந்தார். புடவையை உதறி இழுத்துச் சொருகிக்கொண்டார். "வா போவலாம், வெயில் ஏறுது" என்று மகளிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் செத்துப்போனார். கேள்விப்பட்டேன், சாவுக்குப் போகவில்லை. மகள் இருக்கிறாள். அவளுக்கும் இப்போது நம்மைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். எந்தத் தெரு, எந்த வீடு என்பதெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டியதை உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.